ஒன்பது மணிக்கு வராதவர்கள்

எங்கள் பாராளுமன்றம் என் வாழ்நாளில் ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தது. கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்த கூத்தை நிறுத்தி, இனிமேல் பராகுவாய்க்கு எப்போதும் கோடை நேரம்தான் என்று சட்டம் போட்டது. மார்ச் மாதம் வந்தது. யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை. பஸ்கள் ஓடின, பள்ளிக்கூடங்கள் மணி அடித்தன, ஒரு குழப்பமும் இல்லை. தேசிய மருத்துவ முன்பதிவு ஆணையத்தின் சர்வர் மட்டும், மார்ச் நான்காவது ஞாயிற்றுக்கிழமை, பழைய வழக்கப்படி ஒரு மணி நேரம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. சட்டம் வந்த சேதியை அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் என் அக்காவின் இடது கண் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா எலிஹியா, தலைநகருக்குப் பக்கத்து ஊரான லூக்கேயில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோய்க்காரி. ஏப்ரலில் கண் மங்கலாக இருக்கிறது என்று சுகாதார நிலையத்துக்குப் போனாள். கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிகிறது, லேசர் வைத்து அடைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகைக்கு வேனோடு சேர்த்து எங்களையும் விற்க வேண்டியிருக்கும். எனவே ஆணையம். தலைநகர் அசுன்சியோனில் ஒரே கட்டடம்: தரைத்தளத்தில் டோக்கன் கொடுக்கும் மெஷின், முதல் மாடியில் டாக்டர்கள், இரண்டாவது மாடியில் ஆணையத்தின் அதிகாரிகள், அடித்தளத்தில் கம்ப்யூட்டர் ஆட்கள்.

முன்பதிவு காலை ஒன்பது மணிக்கு. எட்டரைக்கே போய் நின்றோம். ஒன்பது அடித்ததும் அக்கா அடையாள அட்டையை மெஷினில் வைத்தாள். 'நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள். ஒன்பது மணிக்கு வரவும்' என்றது ஸ்கிரீன்.

வாசல் காவலர் காசிமிரோவைக் கேட்டேன். "மணி ஒன்பதுதானே ஆகுது?"

"மெஷின் எட்டுங்குதே."

"உங்க கையில கட்டியிருக்கிறது என்ன சொல்லுது?"

"ஒன்பது. ஆனா இது என் சொந்தக் கடிகாரம், தம்பி. இதை வச்சு ஆளை உள்ள விட்டா வேலை போயிடும்."

பத்து மணிக்கு மெஷின் மனமிரங்கி டோக்கன் துப்பியது. ஓட்டமும் நடையுமாக மாடிக்குப் போனோம். அங்கே சுவர்க் கடிகாரம் நாட்டோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எலிஹியா வேராவா? ஒன்பது மணிக்குக் கூப்பிட்டோம். வரலைன்னு போட்டாச்சு."

"கீழதாம்மா நின்னோம்" என்றாள் அக்கா.

"கீழ நின்னா வந்ததா ஆகாதும்மா. டோக்கன் இருந்தாதான் வந்த மாதிரி."

"இதோ டோக்கன்."

"இது இங்க பத்து மணிக்குத்தான் வந்திருக்கு. ஒன்பது மணிக்கு நீங்க வரலையே."

நர்சுக்குப் பின்னால் கண் டாக்டர் நோயாளி யாருமில்லாமல் கால்மேல் கால் போட்டுத் தெரெரே என்கிற எங்கள் ஊர்ப் பனிக்கட்டித் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குழலை வாயிலிருந்து எடுக்காமலே, "இந்த ஜனங்களுக்கு உடம்பு மேல அக்கறையே கிடையாது" என்றார். கீழே கூடத்தில் அக்கறையில்லாத ஜனங்கள் நிற்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். எந்த மணிக்கு முன்பதிவு வாங்கினாலும் இதே கதைதான். பத்து மணிக்காரனை மெஷின் பதினொன்றுக்கு விடும். டாக்டர் பத்துக்கே அவனைக் கூப்பிட்டு முடித்திருப்பார்.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. நான் கடைகளுக்கும் சின்ன வியாபாரங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பவன். மார்ச்சில் என் வாடிக்கையாளர் ஒருவருடைய கால்பந்து மைதானம், இதே கோளாறினால், ஒரே மணிக்கு இரண்டு அணிகளுக்கு வாடகைக்குப் போய், மூக்கு உடைந்த கேஸ் வரைக்கும் வந்தது. இந்த மாதிரிப் பக்கங்களை இயக்கும் நிரலின் தொடக்கத்தில் நேர மண்டலத்துக்கு ஒரு வரி இருக்கும். அசுன்சியோன் என்று அதில் எழுதியிருந்தால், சர்வர் தன்னிடமுள்ள பழைய அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, குளிர்காலம் வந்துவிட்டது என்று ஒரு மணியைக் குறைக்கும். அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும். முடியாவிட்டால், வருடம் முழுக்க கிரீன்விச்சுக்கு மூன்று மணி பின்னால் என்று அந்த வரியில் எழுதிவிட்டால் போதும். என் தெரெரேயில் போட்ட பனிக்கட்டி கரைவதற்குள் மைதானக்காரருக்குச் சரிசெய்து கொடுத்தேன்.

இதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இரண்டாவது மாடிக்கு ஏறப் பார்த்தேன். புகார் சொல்லவும் முன்பதிவு வேண்டும், அதுவும் இதே மெஷினில்தான் என்றார் காசிமிரோ. அந்த முன்பதிவுக்கும் போனேன். அதற்கும் நான் வரவில்லை என்று பதிவானது. ஜூனில் அக்காவுக்குக் கிடைத்த இரண்டாவது தேதிக்கும் அவள் வரவில்லை. நாங்கள் இருவரும் வாரத்தில் பாதி நாள் அந்தக் கூடத்தில் வராமல் இருந்தோம்.

கடைசியில் ஒரு விஷயம் கவனித்தேன். தெரெரேக்குப் பனிக்கட்டி கொண்டுவருபவனிடம் யாரும் டோக்கன் கேட்பதில்லை. மறுநாள் தெருமுனையில் ஒரு பை பனிக்கட்டி வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனேன். காசிமிரோ கதவை முழுசாகத் திறந்துவிட்டு, "சீக்கிரம் போ தம்பி, டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு" என்றார். இயக்குநரின் அறை வரைக்கும் வழியெல்லாம் மரியாதைதான்.

ஆணையத்தின் இயக்குநர் பெலிசியானோ ஒவெலார், மருத்துவம் படிக்காத டாக்டர். எங்கள் ஊரில் பெரிய நாற்காலியில் உட்காருகிறவர் எல்லோரும் டாக்டர்தான். பனிக்கட்டியை ஜாடியில் கொட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது.

"நீங்க இதைக் கோளாறுன்னு சொல்றீங்க. நான் ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. மார்ச்சுக்கு முன்னால காத்திருப்போர் பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்ப அதுல பாதிதான். மூணு தடவை வராதவரைத் தானாவே குணமானவர்னு எடுத்துக்கணும், அது விதி. ஒரு மாத்திரை கூடச் செலவு பண்ணாம பாதி நாட்டைக் குணப்படுத்தியிருக்கோம் தம்பி. வெளிநாட்டுல இருந்து பாக்க வர்றாங்க."

"அவங்க குணமாகல டாக்டர். கீழ நிக்கிறாங்க."

"நிக்கிறாங்கல்ல? நிக்க முடியுதுன்னா உடம்பு தேறியிருக்குன்னுதானே அர்த்தம்."

அவர் என் தோளில் தட்டி, "ஆனா குடிமக்கள் குரலை நாங்க மதிக்கிறோம்" என்றார். அன்றைக்கே 'நேர நல்லிணக்கக் குழு' என்று ஒன்றை அமைத்து, என்னைக் குடிமக்கள் பிரதிநிதியாகப் போட்டார். சம்பளம் கிடையாது. பனிக்கட்டி மட்டும் தொடர்ந்து நானே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

குழுவின் முதல் கூட்டம் தேசிய கீதத்தோடு தொடங்கியது. பாதிரியார் வந்து கடிகாரங்களை ஆசீர்வதித்தார். பிறகு, சர்வர் தவறாக இருக்க முடியாது, அது ஜெர்மனியில் இருந்து வாங்கியது என்று ஒருவர் பேசினார். அப்படியானால் சுவர்க் கடிகாரங்களை ஒரு மணி பின்னால் திருப்பி, கட்டடத்துக்குள் எல்லோரும் சர்வரின் நேரப்படி நடப்போம் என்று முடிவாயிற்று. அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். அப்போது ஊழியர் சங்கத்துக்காரர் எழுந்து, அப்படிச் செய்தால் வீட்டுக்குப் போகும் நேரம் ஒரு மணி தள்ளிப்போகுமே என்றார். தூக்கிய கைகள் இறங்கின. நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு சுவரிலும் இரண்டு கடிகாரம் மாட்டுவது என்று தீர்மானித்தார்கள். ஒன்று பொதுமக்கள் உள்ளே வருவதற்கு, மற்றது ஊழியர்கள் வெளியே போவதற்கு.

"டாக்டர்கள் எந்தக் கடிகாரத்தைப் பாத்து நோயாளியைக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

"அது துணைக்குழு முடிவு பண்ண வேண்டிய விஷயம்" என்றார் ஒவெலார். இரண்டு கடிகாரங்களும் வந்தன, மாட்டினார்கள், படம் எடுத்தார்கள். துணைக்குழு கடைசி வரைக்கும் கூடவில்லை.

நான் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும், ஒரே ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். என் தொல்லை தாங்காமல், வரியை மாற்றும் பொறுப்பைத் துணை இயக்குநர் இஞ்சினியர் லுக்ரேசியா சார்சா தாமே ஏற்றுக்கொண்டார். சர்வரில் நேர மண்டலங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதை எழுதிய புண்ணியவான்கள், கிரீன்விச்சுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்கு பிளஸ் என்றும் முன்னால் இருக்கும் இடத்துக்கு மைனஸ் என்றும் தலைகீழாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் அடிபட்டிருப்போம். அதைச் சொன்னேன்.

சார்சா கண்ணாடியைக் கழற்றினார். "நாம கிரீன்விச்சுக்குப் பின்னாலதானே இருக்கோம்?"

"ஆமா மேடம். ஆனா அந்தப் பட்டியல்ல..."

"பின்னால இருந்தா மைனஸ். இது ஒண்ணாம் கிளாஸ் கணக்கு. பிளஸ் போட்டு நாட்டைப் பத்திப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மைனஸ் போட்டார். கிரீன்விச்சுக்கு மூன்று மணி பின்னால் நிற்க வேண்டிய சர்வர் மூன்று மணி முன்னால் போய் நின்றது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தபோது, மெஷினுக்கு மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. 'இன்றைய பணி முடிந்தது. இனிய மதியம்' என்று சொல்லிவிட்டு அது தூங்கப் போயிற்று. அன்றைய நோயாளிகள் அத்தனை பேரும் ஒரே அடியில் வராதவர்கள் ஆனார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி தெற்குக் கோடி இத்தபுவாவில் இருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டாவது மாடியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் ஒரே நாளில் இவ்வளவு குறைந்தது ஆணையத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாம். ஆனால் ஊழியர்களின் வருகையும் அதே சர்வரில்தான் பதிவாகிறது, எல்லோரும் ஆறு மணி நேரம் தாமதம் என்று காட்டுகிறது என்று யாரோ கண்டுபிடித்ததும், கேக் பாதியில் நிற்க, பழைய வரி பழையபடி திரும்பி வந்தது.

அன்றைக்கு நான் நேராக அடித்தளத்துக்கு இறங்கினேன். அங்கே நிமியா இன்ஸ்ப்ரான் இருந்தாள். தொழிற்கல்விப் பள்ளியில் என்னோடு படித்தவள்.

"உனக்குத் தெரியாதா நிமியா?"

"எனக்கென்னடா, இந்த அடித்தளத்துல தரை துடைக்கிற ஆள் வரைக்கும் தெரியும். மார்ச்சுல அது மாறின மறுநாள் திங்கக்கிழமையே எழுதிக் கொடுத்தேன். 'உங்க ஆர்வத்துக்கு நன்றி'ன்னு பதில் வந்துச்சு."

"அப்ப மாத்தித் தொலையேன். எங்கக்காவுக்குத் திங்கக்கிழமை மூணாவது தடவை. அதோட பேரை அடிச்சிடுவாங்க. கண்ணு போயிடும்டி."

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஷினில் ஒன்பது மணியாக இருந்தது.

அந்த நாளை நான் கண்ணால் பார்த்தேன். ஜனங்கள் அட்டையை வைத்தார்கள், டோக்கன் வந்தது, மாடிக்குப் போனார்கள், டாக்டர் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார். மாதக்கணக்கில் நோயாளியைப் பார்த்தறியாத டாக்டர்கள் வெலவெலத்துப் போனார்கள். நாற்காலிகள் போதவில்லை. ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைத்தோம் என்று தேடினார். எங்கள் கண் டாக்டர் மத்தியானம் வரைக்கும் தெரெரே குழலைத் தொடக்கூட முடியாமல் வேலை செய்தார். நான் லூக்கேக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இறைச்சி சுட்டோம். அவள் தட்டைத் தடவித் தடவிச் சாப்பிட்டபடி, "நாளைக்கு நல்ல சட்டையா போட்டுட்டு வாடா தாச்சோ, ஆஸ்பத்திரிக்கு வர்ற மாதிரியா இருக்கே" என்று கிண்டல் செய்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு அட்டையை வைத்தாள். 'நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள்.'

இரண்டாவது மாடிக்குப் பாய்ந்து ஏறினேன். பனிக்கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை. காசிமிரோ என் முகத்தைப் பார்த்து விலகிக்கொண்டார். சனிக்கிழமையே அவசரக் கூட்டம் போட்டு, டாக்டர்கள் சங்கத்தின் புகாரை எடுத்துக்கொண்டார்களாம். புகாரின் பெயர் 'மிகை வருகை'.

"வெள்ளிக்கிழமை நடந்தது ஒரு தாக்குதல்" என்றார் ஒவெலார். "கணினி அமைப்புக்குள்ள கை வச்சிருக்காங்க. ஒரே நாள்ல முன்பதிவு பண்ணின அத்தனை பேரும் வந்துட்டாங்க. எந்த ஆஸ்பத்திரி தாங்கும்? முன்பதிவுங்கிறது வர்றதுக்காகவா? மக்களுக்கு ஒரு நம்பிக்கை கொடுக்கறதுக்கு. அந்த நம்பிக்கையை நாங்க யாருக்கும் மறுத்ததில்ல."

"எங்கக்கா கீழ நிக்குறா. இப்ப, இந்த நிமிஷம். ஒரு போன் பண்ணுங்க டாக்டர், கெஞ்சிக் கேக்கறேன்."

"ஒருத்தருக்காக விதியை மீறினா அது ஊழல் ஆயிடும். நான் அப்படிப்பட்டவன் இல்ல."

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. என் வாழ்நாளில் ஒரு மனிதனை அடிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அடிக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நிமியாவை ஆளரவமற்ற சாக்கோ வனாந்தரத்தில் ஏதோ மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அக்காவின் செல்பேசிக்குச் செய்தி வந்தது: 'வாழ்த்துகள், எலிஹியா வேரா. நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள்.' நான்தான் படித்துச் சொன்னேன். அந்த வாரமே இடது கண்ணுக்குள் ரத்தம் இறங்கிப் பார்வை அடங்கிவிட்டது. வேனை விற்றாள். வலது கண்ணில் கசிவு நிற்கவில்லை. அதற்கும் இதே லேசர்தான், இதே டாக்டர்தான், இதே மெஷின்தான். குணமானவர் மறுபடியும் நோயாளி ஆவதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோம்.

செப்டம்பர் முடியும்போது நிமியா போன் செய்தாள். "டேய், ஞாயித்துக்கிழமை அது தானாவே சரியாயிடும்."

"யாரு மாத்தப் போறா?"

"யாரும் இல்ல. பழைய அட்டவணைப்படி அக்டோபர் முதல் ஞாயிறு கோடை நேரம் ஆரம்பிக்குது. சர்வர் ஒரு மணி முன்னால வந்துரும். நாடு ஏற்கெனவே அங்கதான் நிக்குது. ரெண்டும் ஒண்ணாயிடும். ஆனா மார்ச் நாலாவது ஞாயிறு திரும்பப் பின்னால போயிடும், ஞாபகம் வச்சுக்கோ. ஒவெலாருக்கும் எழுதியிருக்கேன்."

அவள் எழுதியதை ஒவெலார் இந்தத் தடவை கவனமாகப் படித்திருக்கிறார். பாதியை. அக்டோபர் முதல் ஞாயிறுக்கு மறுநாள் காலை, கட்டட வாசலில் பந்தல், போலீஸ் பாண்டு வாத்தியம், தொலைக்காட்சிக் கேமராக்கள். 'நேரம் மீட்கப்பட்டது' என்று வெண்கலப் பலகை. சார்சாவுக்குப் பதக்கம். எங்களையும் அழைத்திருந்தார்கள். மறுபதிவு பெறும் முதல் குடிமகள் என்று அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். வலது கண்ணுக்கு வேறு வழியில்லை என்று நான்தான் கூட்டிப்போனேன்.

ஒவெலார் பேசினார். "ஆறு மாதம் தூக்கமில்லாமல் உழைத்தோம். இன்று நமது சர்வரும் தாய்நாடும் ஒரே நேரத்தைச் சொல்கின்றன. சிலர் ஒரு வரியில் முடியும் என்றார்கள். ஒரு வரியைக்கூடத் தொடாமல் முடித்துக் காட்டியிருக்கிறோம்." அந்தக் கடைசி வரியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பிறகு அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, முன்பதிவு அட்டையைக் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "படிடா."

மார்ச் மாதம். நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். காலை ஒன்பது மணி.

படித்துக் காட்டினேன். அவளுக்கு நான் நிமியா சொன்னதையெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். மைக் ஒவெலாரின் கையில்தான் இருந்தது. அவர் கையோடு சேர்த்து அதைத் தன் வாய்ப்பக்கம் இழுத்தாள்.

"டாக்டர், ஒரு கண்ணைக் கொடுத்துட்டேன். இன்னொண்ணு பாதிதான் இருக்கு. அதனால இப்பவே கேட்டுக்கறேன். அன்னிக்கு நான் எத்தனை மணிக்கு வந்தா, வந்ததா எடுத்துப்பீங்க?"

பாண்டு வாத்தியம் நின்றிருந்தது. ஒவெலார் கேமராக்களைப் பார்த்தார். அவள் தோளில் அன்போடு கை வைத்தார்.

"நேரத்துக்கு வந்துடுங்கம்மா" என்றார். "அது போதும்."

கைதட்டினார்கள்.